இரவல் கோட்டு

வாசலில் நின்றவர் புன்னகை குறையாமல் சொன்னார்:
இன்று முழு உடுப்பு இரவு, ஐயா.
என் சட்டை புதிது. காலரில் கஞ்சி.
போதாதாம்.
தூணுக்குப் பின்னால் ஓர் அலமாரி,
என்னைப் போன்றவர்களுக்கென்றே
ஏழெட்டுக் கோட்டுகள்.
கறுப்பு ஒன்று கிடைத்தது.
தோள் சரி. கை இரண்டு விரல் நீளம்.
சலவைக்குப் பிறகும் அதில்
யாரோ ஒருவரின் கிராம்பு வாசனை.

தால்கவானோ துறைமுகத்தில்
மீன் கிடங்குகளின் குளிர்ப்பெட்டி
பழுதுபார்க்கிறவன் நான்.
குளிர் எனக்குத் தெரியும்.
ஒரு தட்டுக்கு நான்கு முள்கரண்டி ஏன் என்று தெரியாது.

மேசையில் வீன்யா தெல் மார் நகரத்து அக்கா தங்கை,
ஓத்திலியாவும் எர்மிந்தாவும்.
கொன்செப்சியோனின் ஓய்வுபெற்ற நோட்டரி, தோன் எவாரிஸ்தோ.
தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி
(யார் தட்டு யாருடையது என்ற கவலை
அவர்களுக்கு இன்னும் வரவில்லை).
என் இடப்பக்க நாற்காலி காலி.
பெயரிலேயே துயரத்தை வைத்திருக்கும் பெனாஸ் வளைகுடாவில்
கப்பல் இறங்கிய நேரத்திலிருந்து
ஃப்ரெசியா அறையில் கிடக்கிறாள்,
ஒரு வாளியோடும் பாதி கடித்த பச்சை ஆப்பிளோடும்.

கைக்குட்டை வைக்கலாமென்று உட்பையில் கைவிட்டேன்.
நான்காய் மடித்த மெனு அட்டை.
பின்பக்கம் பென்சிலில், பயந்தவனின் பொடி எழுத்து:

வெளியே இருக்கும் கரண்டி முதலில்.
இடப்பக்க ரொட்டிதான் உன்னுடையது.
வானிலையிலிருந்து தொடங்கு.
எத்தனையாவது பயணம் என்று கேள்.
டிக்கெட் விலையைக் கேட்காதே.
பரிமாறுகிறவரைப் பெயர் சொல்லி நன்றி சொல்.
மனைவி எங்கே என்றால்:
தலைசுற்றல், படுத்திருக்கிறாள்.

பார்த்தெழுதும் பள்ளிப் பையனாக
மேசைக்கடியில் அட்டையை விரித்துக்கொண்டேன்.
வானிலை என்றேன்.
நோட்டரி சூப் ஆறும்வரை நிறுத்தவில்லை.
எத்தனையாவது பயணம் என்றேன்.
பதினொன்று என்றாள் அக்கா,
பன்னிரண்டு என்றாள் தங்கை,
அந்தக் கணக்குத் தீர வாத்து வறுவலே வந்துவிட்டது.
நன்றி, ரோமெல், என்றேன்.
இலோய்லோவில் பிறந்த அந்தப் பையன்
ஒரு நொடி நின்று என் முகத்தைப் பார்த்தான்.

பிறகு எர்மிந்தா கேட்டாள்: உங்கள் துணைவி?

தலைசுற்றல், படுத்திருக்கிறாள்.

உண்மைதான். எழுத்துக்கு எழுத்து உண்மை.
சொன்ன மாத்திரத்தில் பொய்யாகிவிட்டது.
தேனிலவுக்காரர்கள்கூட மெல்லுவதை நிறுத்தினார்கள்.
ஓத்திலியா என் நீளக் கையை,
என் கையை அல்ல, கோட்டின் கையை,
இரண்டு முறை தட்டிக்கொடுத்தாள்.
எர்மிந்தா தன் பால் இனிப்பை
ஒன்றும் பேசாமல் என் பக்கம் நகர்த்தினாள்.
மறுத்தால் மரியாதையில்லை என்று
அதையும் தின்றேன்.

கோட்டைத் திருப்பும் முன்
கழிவறை விளக்கில் அட்டையை மறுபடி பார்த்தேன்.
கடைசி வரியை அழித்து எழுதியிருந்தான்.
அழித்த இடத்தில் முன்பு இருந்தது
ஒரே ஒரு சொல்.
காகிதத்தைச் சாய்த்தும் படிக்க முடியவில்லை.
அல்லது முடிந்தது.

அலமாரிக்காரரிடம் பென்சில் வாங்கி
கீழே ஒன்று சேர்த்தேன்:
நோட்டரி இருந்தால் வானிலை வேண்டாம்.
மடித்து உட்பையிலேயே வைத்தேன்.

மறுநாள் காலை பனியாறு.
ஒரு மோட்டார் இல்லாமல், ஒரு கம்பி இல்லாமல்
இவ்வளவு குளிர்.
தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றேன்.
மற்றவர்கள் விஸ்கிக்கு அதை உடைத்துப் போட்டுக்கொண்டார்கள்.

அன்றிரவு கடல் படுத்துவிட்டது.
ஃப்ரெசியா எழுந்தாள்,
நீலக் கம்பளிச் சட்டையோடு சாப்பிட வந்தாள்.
ஓத்திலியா சிலுவைக் குறி போடக் கையெடுத்து
முடியைச் சரிசெய்வதுபோல் சமாளித்தாள்.
இரண்டு நாள் பசி.
சூப்புக்குக்கூடக் காத்திராமல்
வலப்பக்கம் கைநீட்டி
தோன் எவாரிஸ்தோவின் ரொட்டியை எடுத்து
வெண்ணெய் தடவினாள்.

யாரும் வாய் திறக்கவில்லை.
நோட்டரி ரொட்டியில்லாமல் சாப்பிட்டார்.